விமானங்கள் நகரத்திலேயே நின்றன

மார்ச் 4, புதன்

பெரியவருக்கு இன்று டயாலிசிஸ் நல்லபடியாக முடிந்தது. நடுவில் ஒரு தடவை ரத்த அழுத்தம் ஏறியது. அப்போது தொலைக்காட்சியில் ஜெனரல் பசீலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். புயல் அடித்த தெற்குக் கடற்கரையில் அவருடைய படைதான் சாலைகளைத் திறந்துவிட்டு, ஜனங்களுக்குச் சோறு போட்டு, கிணறுகளைத் தூர்வாரியது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி முடிந்ததும், "அதை மறுபடி போடச் சொல்லுங்கள்" என்றார். மறுபடியும் பார்த்தார். நான் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தேன்.

பெரியவர் என்று நாங்கள் சொல்லும் ஜனாதிபதியின் சிறுநீரகங்கள் செயலிழந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த மரோவா நாட்டிலேயே அது தெரிந்தவர்கள் அவருடைய மகன் ரெமி, கடற்படைத் தலைவர் கோர்தே, நான், என் நர்ஸ். அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள் அவர் கோப்பு பார்ப்பதாக வெளியே சொல்லிவிடுவார்கள். வீட்டில் நான் மாளிகை ஊழியர்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மாளிகையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைத் தைரியமாக எழுதுவதும் அதனால்தான்.

வரும் வழியில் அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கினேன். மாளிகை கார் வந்து நின்றதும் கடைக்காரர் மற்றவர்களை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். எனக்கு இதெல்லாம் பிடிப்பதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

தம்பி கிரியும் அவன் மனைவி சரளாவும் சாப்பிட வந்தார்கள். அவன் பசீலின் படையில் கேப்டன். பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவன் பிரிவின் வேலை. அப்பா போனபோது அவனுக்கு ஏழு வயது. எனக்கு மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம். அதற்குப் பிறகு அவனுக்கு நான்தான் எல்லாம்.

தெற்கிலிருந்து கறுத்துப்போய் வந்திருக்கிறான். "ஜெனரல் எங்ககூட சேத்துல நின்னு மண்ணு அள்ளினாருக்கா. சாப்பாடு வந்தா கடைசில போய் நிப்பாரு" என்றான்.

"அவரையே ஜனாதிபதி ஆக்கிடலாம் போலிருக்கே" என்றாள் அம்மா.

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். "இந்தப் புழுக்கத்துல ஏன்டீ சாத்துற?" என்றாள். கொசு வருகிறது என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

அண்டை நாடான சலீனின் ரோந்துப் படகு, உப்புத்தீவுக்குப் பக்கத்தில் நம் மீன்பிடிப் படகுகள் இரண்டைப் பிடித்துவிட்டது. வருஷா வருஷம் நடப்பதுதான். தூதர்கள் பேசுவார்கள், படகுகள் திரும்பி வரும். இந்த வருஷம் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் முதல் பக்கம். 'எத்தனை காலம் பொறுப்பது?' என்று ஒரே தலைப்பு.

வெளிநாட்டு வானொலி ஒன்று பெரியவருக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லியிருக்கிறது. ரெமி என்னையும் நர்ஸையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். நர்ஸ் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. பெரியவர் என்னை நம்புகிறார்.

மார்ச் 18, புதன்

கூட்டம் டயாலிசிஸ் அறையிலேயே நடந்தது. குழாய் மாட்டியிருக்கும்போது பெரியவர் எழுந்திருக்க முடியாது. அதனால் ரெமியும் அட்மிரல் கோர்தேயும் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். என்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

உப்புத்தீவைப் பிடித்துவிட வேண்டும் என்றார் ரெமி. அங்கே இருப்பது ஒரு கலங்கரை விளக்கம், ஒரு காவல் முகாம், கொஞ்சம் மீனவர் குடிசைகள்.

"யாரை அனுப்புவது?" என்று பெரியவர் கேட்டார்.

"பசீலின் படையை. அவர் தலைநகரத்தை விட்டு எவ்வளவு தூரம் போகிறாரோ அவ்வளவு நல்லது" என்றார் ரெமி.

கோர்தே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பிடிக்கலாம். ஆனால் விமானங்கள் கூடப் போக வேண்டும். முகாமில் பீரங்கிகள் இருக்கின்றன. மேலேயிருந்து அவற்றை அடக்காமல் படகுகளை அனுப்பினால் பையன்கள் மணலில் கால் வைப்பதற்குள் செத்துப்போவார்கள்."

"விமானங்கள் நகரத்தை விட்டுப் போகாது" என்றார் ரெமி. மெய்க்காவல் படையும் விமானப்படையும் அவர் பொறுப்பில் இருக்கின்றன. "அவை போய்விட்டால் இங்கே அப்பாவுக்கு என்ன பாதுகாப்பு? பசீலுக்கு வேண்டியவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள்."

கோர்தே அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் இது சலீனோடு நடக்கிற சண்டை இல்லை."

"ஜெயித்தால், உத்தரவு போட்டவர் அப்பா. தோற்றால், தோற்றவர் பசீல்" என்றார் ரெமி.

பெரியவர் கண்களை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். "நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று வானொலியில் சொல்கிறார்கள்" என்றார். அதுதான் முடிவு என்று எல்லோருக்கும் புரிந்தது.

மார்ச் 20, வெள்ளி

அட்மிரல் கோர்தே உடல்நலம் காரணமாக ஓய்வு பெற்றார் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். போன மாதம்தான் அவரைப் பரிசோதித்தேன். இருபது வயதுக்காரனின் இதயம்.

மார்ச் 23, திங்கள்

பெரியவர் கேட்டார்: "டாக்டர், ஏப்ரல் ஒன்பதாம் தேதி நான் சதுக்கத்தில் நின்று பேச வேண்டும். முக்கால் மணி நேரம். முடியுமா?"

ஜனவரிக்குப் பிறகு அவர் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. முந்தின நாள் கூடுதல் நேரம் டயாலிசிஸ் செய்து, மருந்தும் ஏற்றினால் நிற்க வைக்கலாம். முடியாது என்றும் சொல்லலாம். அதுவும் பொய்யாகாது.

"கொஞ்சம் தள்ளிப்போட்டால் நல்லது" என்றேன்.

"அப்பா நின்று பேசாமல் எதுவும் தொடங்காது" என்றார் ரெமி. "அதனால் சரியாக யோசித்துச் சொல்லுங்கள்."

முடியும் என்றேன். மருத்துவரிடம் ஒரு மருத்துவக் கேள்வி கேட்டார்கள். அதற்கு மருத்துவப் பதில் சொன்னேன். வேறு எதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

கிரி மட்டும் வந்தான். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத. உப்புத்தீவுக்குப் போறோம்" என்றான்.

"அப்படியா?"

"முதல்ல இறங்குறது எங்க ஆளுங்கதான். முள்வேலி, கண்ணிவெடி எல்லாம் எடுத்து வழி போட்டாத்தான் மத்தவங்க வர முடியும். பயப்படாதே. மேல விமானம் வரும்னு சொல்லியிருக்காங்க. அவங்க பீரங்கிய அடக்கின அப்புறம்தான் நாங்க."

அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டேன்.

"மாளிகையில எதுனா காதுல விழுதாக்கா?"

"நான் காய்ச்சலுக்கு மாத்திரை குடுக்குறவ. என் காதுல என்னடா விழப்போகுது?"

சிரித்தான். ரசம் கேட்டான். புளி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. அப்படியே சாப்பிட்டான்.

மார்ச் 30, திங்கள்

பெரியவரிடம் கேட்டுவிட்டேன். ஊசியை எடுத்துக் கட்டுப் போடும்போது, "என் தம்பி தெற்குப் படையில் இருக்கிறான். அம்மாவுக்கு நடக்க முடியவில்லை. இந்த ஊருக்கு மாற்றல் கிடைத்தால் உதவியாக இருக்கும்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாம் தோற்றுவிடுவோம் என்று நினைக்கிறீர்களா, டாக்டர்?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது, ஐயா. அம்மாவுக்கு முழங்கால் வலி."

"சரி. செய்துவிடலாம்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அன்பாகத்தான் தட்டினார்.

ஏப்ரல் 3, வெள்ளி

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. கிரி தலைநகர முகாமில் பண்டகசாலை அதிகாரி. அவனுடைய இடத்துக்குக் கேப்டன் லூயியைப் போட்டிருக்கிறார்கள். லூயி அவனோடு பயிற்சியில் சேர்ந்தவன். இந்த வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறான். அம்மாவை மரியாதையாக 'மம்மா' என்று கூப்பிடுவான்.

கிரி போனில் கத்தினான். "புறப்படப்போற நேரத்துல என்னை மட்டும் எதுக்குத் தூக்குறாங்க? என் பசங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

உத்தரவு என்றால் உத்தரவுதான் என்றேன். சரளா போனை வாங்கி, "அண்ணி, நீங்கதானா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் "நன்றி அண்ணி" என்றாள்.

ஏப்ரல் 9, வியாழன்

பெரியவர் முக்கால் மணி நேரம் நின்று பேசினார். மேடைக்குப் பின்னால் திரையை ஒட்டி நான் நின்றிருந்தேன். குரல் கணீரென்று இருந்தது. 'இந்தக் காலையில் நம் பிள்ளைகள் உப்புத்தீவில் இறங்கிவிட்டார்கள்' என்றதும் சதுக்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. இறங்கி வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நன்றாக நின்றேனா?" என்று கேட்டார்.

நன்றாக நின்றீர்கள் என்றேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

படை முன்னேறுகிறது என்கிறார்கள். ரெமி அறைக்கு வரவில்லை.

ஏப்ரல் 11, சனி

தொலைக்காட்சியில் காலையிலிருந்து இராணுவ வாத்தியம் மட்டும். என் நர்ஸின் அக்கா தெற்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். தாழ்வாரத்திலும் படுக்கை போட இடமில்லையாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மத்தியானம் கிரி வந்தான். சீருடையில் வந்திருந்தான். உட்காரவில்லை.

"லூயி போயிட்டான். என் பிரிவுல பாதிப் பேரு மணல்லயே கிடக்கிறாங்க. எடுக்கக்கூட முடியலையாம்" என்றான்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வேலை செய்யுற இடத்துல இருந்து பாத்தா ஓடுபாதை தெரியும். அன்னைக்கு விடிஞ்சதுல இருந்து பாத்தேன். ஒரு விமானம் கெளம்பல. தார்ப்பாயைக்கூட எடுக்கல." என் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது என்றேன்.

"அப்ப என்னை மட்டும் எதுக்கு எடுத்தாங்க?"

"அம்மாவுக்கு முடியலைன்னு..."

"எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

கிரி வாசலில் குனிந்து வெகுநேரம் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் போய்விட்டான். சாயங்காலம் தைலம் தேய்க்கப் போனபோது அம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

ஜெனரல் பசீல் மீது வழக்கு. உயிரோடு இருந்தவர்களைப் படகில் ஏற்றிவிட்டுக் கடைசி ஆளாகத் திரும்பி வந்தவர். சலீனிடம் விலைபோய்ப் படையைக் காட்டிக்கொடுத்தார் என்று குற்றச்சாட்டு. நாடே பார்க்கட்டும் என்று ரெமி அதை நகர மண்டபத்தில் நடத்துகிறார்.

நான் போகவில்லை. சரளா வந்து சொன்னாள். கிரி யாரும் கூப்பிடாமல் தானாகவே எழுந்து போய், சாட்சி சொல்ல வேண்டும் என்றானாம். விமானங்கள் வரும் என்று எழுத்தில் உத்தரவு வந்தது, தானே அதைப் படித்தேன் என்றானாம். "ஜெனரல் காட்டிக்கொடுக்கவில்லை. புறப்படுவதற்கு ஆறு நாள் முன்னால் என்னை மட்டும் அங்கிருந்து எடுத்தார்கள். என் அக்கா மாளிகையில் வேலை செய்கிறார். அங்கே இருப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது" என்றானாம்.

மண்டபத்தின் படியிறங்குவதற்குள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"உங்க பேரைச் சொல்ல வேண்டாம்னு கெஞ்சினேன் அண்ணி" என்றாள் சரளா. "வேற எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்கன்னு சொல்லிட்டாரு."

மே 3, ஞாயிறு

மாளிகை அடையாள அட்டையைக் காட்டியதும் சிறையில் உள்ளே விட்டார்கள். கிரியின் உதடு வீங்கியிருந்தது. தொட்டுப் பார்க்கப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீதான் கேட்டு வாங்கினேன்னு தெரியும். அதுக்குக் கோவம் இல்ல. எந்த அக்காவும் அதைத்தான் செய்வா" என்றான். "ஆனா லூயிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்னைக் கொன்னிருப்பாங்கடா."

"ஆமா" என்றான். அதை அவன் ஒப்புக்கொண்டதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பிறகு, "செவ்வாய்க்கிழமையோட வழக்கு முடியுது. ஜெனரலைச் சுட்டுடுவாங்க. மாளிகையில உன் காதுல விழுந்ததை வந்து சொல்லுக்கா. நான் சொன்னது வெறும் யூகம். உனக்குத் தெரியும்" என்றான்.

மே 5, செவ்வாய்

போனேன். பசீலின் வக்கீல் என் பெயரைச் சொன்னதும் மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அறையில் என் காதில் விழுந்ததைச் சொன்னேன். யார் யார் இருந்தார்கள், விமானங்களைப் பற்றி ரெமி என்ன சொன்னார், கோர்தே என்ன சொன்னார் எல்லாவற்றையும். என் குரல் சின்னதாக இருந்தது. சத்தமாகச் சொல்லும்படி இரண்டு தடவை சொன்னார்கள்.

நீதிபதி கேட்டார்: "இராணுவக் கூட்டத்தில் ஒரு மருத்துவருக்கு என்ன வேலை?"

"ஜனாதிபதிக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது" என்றேன்.

அப்புறம் எல்லோரையும் வெளியேற்றினார்கள். பசீல் மட்டும் கூண்டில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். எனக்குத் தலை வணங்கினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மே 6, புதன்

காரும் வரவில்லை, போலீஸும் வரவில்லை. அம்மா என்னுடன் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். சந்தையில் விமானங்களைப் பற்றி யாரும் பேசவில்லையாம். பெரியவர் உடம்பில் இயந்திரம் ஓடுகிறது என்பதுதான் பேச்சாம். இரண்டு மந்திரிகள் குடும்பத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மீன்காரம்மா சொன்னாள்.

மே 8, வெள்ளி

கார் வந்தது. டிரைவர் எப்போதும்போல் கதவைத் திறந்துவிட்டார். புதன்கிழமை வேறொரு டாக்டரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நரம்பு கிடைக்காமல் கையெல்லாம் கன்றிப்போயிருந்தது.

ஊசி போட்டதும் பெரியவர், "நான் நோயாளி என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டீர்கள். இப்போது நான் பலமாக இருக்கிறேன் என்று காட்டியாக வேண்டும்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

நாலு மணி நேரம் அவருடைய ரத்தம் என் கைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்துவிட்டு வந்தேன்.

மே 12, செவ்வாய்

காலையில் கோட்டையில் ஜெனரல் பசீலைச் சுட்டுவிட்டார்கள். கடைகள் தாமாகவே மூடிக்கொண்டன. மூடச் சொன்னவர் யார் என்று போலீஸ் கேட்டுக்கொண்டு போகிறது.

அவருக்காகச் சாட்சி சொன்ன அதிகாரிகளை ஜனாதிபதி மன்னித்துவிட்டார். பதவியைப் பறித்துச் சாதாரணச் சிப்பாய்களாகத் தெற்கே அனுப்புகிறார்கள். 'களங்கத்தைத் துடைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு' என்றது செய்தி. அதில் கிரியும் இருக்கிறான்.

மே 13, புதன்

பெரியவரிடம் மறுபடி கேட்டேன். மண்டியிட்டுக் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

"ஒருமுறை கேட்டீர்கள். கொடுத்தேன். அதையே கொண்டுபோய் நீதிமன்றத்தில் எனக்கு எதிராக வைத்தான் உங்கள் தம்பி" என்றார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதுபோல், "கவலைப்படாதீர்கள். இந்த முறை விமானங்கள் போகும்" என்றார்.

"அப்போதே போயிருக்கலாமே, ஐயா."

"அப்போது பசீல் இருந்தார்" என்றார்.

மே 19, செவ்வாய்

விடிந்த கொஞ்ச நேரத்தில் ஜன்னல்கள் அதிர்ந்தன. மழையா என்று அம்மா கேட்டாள். விமானங்கள் என்றேன். வாசலில் நின்று பார்த்தோம். தெற்கே போய்க்கொண்டே இருந்தன.

மத்தியானத்துக்குள் உப்புத்தீவைப் பிடித்துவிட்டார்கள். தேவாலயங்களில் மணி அடித்தார்கள். ஜனங்கள் தெருவில் ஆடினார்கள். போன வாரம் கடையை மூடியவர்களும் அதில் இருந்தார்கள்.

மே 21, வியாழன்

கிரி போய்விட்டான்.

வந்து சொன்ன அதிகாரி சின்ன வயசுக்காரர். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். பீரங்கிகளை விமானங்கள் அடக்கிவிட்டன. மணலுக்குள் இருந்த கண்ணிவெடிகள் அப்படியே இருந்தன. அவற்றை எடுக்கத் தெரிந்த ஆட்கள் ஏப்ரலிலேயே செத்துவிட்டார்கள். மற்றவர்களை நிற்கச் சொல்லிவிட்டுக் கிரி முன்னால் போயிருக்கிறான். அவன் போட்ட வழியில்தான் எல்லோரும் ஏறிப் போனார்களாம்.

சரளா அவர் பேசி முடிக்கும்வரை கேட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நான் உங்களுக்கு நன்றி சொன்னேனே அண்ணி" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மே 22, வெள்ளி

கார் வந்தது. நான் வெளியே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.

மே 23, சனி

உடல்களோடு கப்பல் பத்து மணிக்குத் துறைமுகத்துக்கு வந்தது. தீவு கைக்கு வந்துவிட்டதால் ஏப்ரலில் மணலில் விட்டுவிட்டு வந்தவர்களையும் தோண்டி எடுத்து அதே கப்பலில் கொண்டுவந்தார்கள். லூயியும் கிரியும் ஒன்றாகத்தான் வந்தார்கள்.

லூயியின் மனைவி எலீஸ் எங்களைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள். அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். சரளாவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் என்னிடம், "ஒன்று கேட்க வேண்டும். கடைசி நேரத்தில் என் வீட்டுக்காரரை அந்த இடத்துக்கு ஏன் போட்டார்கள்? யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள்" என்றாள்.

அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்பதற்கா, சொல் என்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை.

"என் தம்பியை எடுத்துவிடும்படி நான் கேட்டேன்" என்றேன். "விமானங்கள் வராது என்று எனக்குத் தெரியும். அவன் இடத்துக்கு யாரோ ஒருவர் போயாக வேண்டும் என்பதும் தெரியும்."

எலீஸ் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கப்பலைப் பார்த்தாள். இன்னும் பெட்டிகளை இறக்கவில்லை. கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு எங்கே போய் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. எங்கள் பக்கத்திலேயே நின்றாள்.